இர்ஃபான் கான், ஸ்டீவ் ஜாப்ஸை பாதித்த நியூரோஎண்டோகிரைன் கட்டி: பயாப்சி ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

2018 மார்ச் 16. பாலிவுட் நடிகர் இர்ஃபான் கான் தன் ட்விட்டர் பக்கத்தில் ஒரு அறிக்கை வெளியிட்டார். தனக்கு நியூரோஎண்டோகிரைன் ட்யூமர் இருப்பது தெரியவந்துள்ளது, சிகிச்சைக்காக வெளிநாடு செல்கிறேன் என்பது அதன் சாரம். 11 நாட்களுக்கு முன்பு 'ஓர் அரிய நோய்' என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்த இடைவெளியில் மூளைக் கட்டி, மூளைப் புற்றுநோய் என்று வாட்ஸ்அப்பில் என்னென்னவோ பரவிவிட்டது. நியூரோ என்றாலே மூளை என்று அர்த்தமில்லை என்று, நோயோடு போராடத் தொடங்கிய மனிதரே ஊருக்கு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

2020 ஏப்ரல் 29 அன்று, 53 வயதில் மும்பையில் அவர் காலமானார். அந்த நோயின் பெயர் மட்டும் கூகுள் தேடலில் தங்கிவிட்டது. இன்றும் வயிற்று வலிக்கு எண்டோஸ்கோபி எடுத்துவிட்டு, கையில் பயாப்சி ரிப்போர்ட்டோடு அந்தப் பெயரைத் தேடுபவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது இர்ஃபான் கானின் மரணச் செய்திதான். 'அப்போ நமக்கும் அவ்வளவுதானா?' என்ற பயம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

இந்தக் கட்டுரை அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக. ஏனென்றால் நியூரோஎண்டோகிரைன் கட்டி என்பது ஒரே ஒரு நோயின் பெயர் இல்லை. குடல்வால் ஆபரேஷனோடு முடிந்துபோவதும் இந்தக் குடும்பம்தான். மாதங்களுக்குள் உயிரைப் பறிப்பதும் இந்தக் குடும்பம்தான். எது எது என்று பிரித்துச் சொல்வது ரிப்போர்ட்டில் உள்ள சில வார்த்தைகளும் ஒரே ஒரு சதவீத எண்ணும்.

வாங்க, அதைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்.

வயிற்றுக்குள் 'நியூரோ' எப்படி வந்தது?

நம் குடல் முழுக்க, இரைப்பையில் ஆரம்பித்து மலக்குடல் வரை, உள்சவ்வில் சில விசேஷ செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. நரம்பு செல்லைப் போல சிக்னலைப் புரிந்துகொள்ளும். சுரப்பியைப் போல ஹார்மோனைச் சுரக்கும். இரண்டு குணமும் இருப்பதால்தான் இந்த இரட்டைப் பெயர். மூளைக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் கிடையாது.

ஒரு பிளேட் பிரியாணி உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரைப்பையில் உள்ள ஒரு வகை செல் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை விடும். அது 'அமிலம் சுரக்கட்டும்' என்று உத்தரவு போடும். கணையத்தில் உள்ள செல்கள் இன்சுலினை விடும். குடலில் உள்ள இன்னொரு வகை செல் செரட்டோனினை விட்டு, குடல் சுருங்கி விரிவதை ஒழுங்குபடுத்தும். மகிழ்ச்சி ஹார்மோன் என்று ரீல்ஸில் சொல்வார்களே, அதே செரட்டோனின்தான். உடலில் உள்ள செரட்டோனினில் சுமார் 90% இருப்பது மூளையில் அல்ல, குடலில்.

இந்த செல்களில் ஏதோ ஒன்று கட்டுப்பாடு இழந்து பெருகினால் உருவாவதுதான் நியூரோஎண்டோகிரைன் கட்டி. மருத்துவர்கள் சுருக்கமாக 'நெட்' என்பார்கள். பாடப்புத்தகத் தமிழில் இதற்கு 'நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டி' என்று பெயர் உண்டு. தமிழ் இலக்கியம் படித்துவிட்டு இந்த டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அதைப் பயன்படுத்த ஆசைதான். ஆனால் எந்த மருத்துவமனை ரிப்போர்ட்டிலும் அந்தப் பெயரை நீங்கள் பார்க்கப் போவதில்லை. அதனால் இங்கேயும் 'நெட்' என்றே வைத்துக்கொள்வோம்.

1907-ல் வைத்த ஒரு பெயர்

பழைய ரிப்போர்ட்களில் 'கார்சினாய்டு' என்று ஒரு வார்த்தை இருக்கும். இன்றும் சில மருத்துவர்கள் அதைச் சொல்கிறார்கள். ஜெர்மனியின் மியூனிக் நகரில் பணியாற்றிய சீக்ஃபிரீட் ஓபெர்ன்டார்ஃபர் என்ற நோயியல் மருத்துவர் 1907-ல் வைத்த பெயர் இது. சிறுகுடலில் அவர் கண்ட சின்னச் சின்னக் கட்டிகள் பார்க்கப் புற்றுநோய் போலவே இருந்தன. ஆனால் புற்றுநோய் போல வேகமாக வளரவில்லை. அதனால் 'புற்றுநோய் மாதிரி' என்ற பொருளில் இந்தப் பெயரை வைத்தார்.

அந்த 'மாதிரி'தான் பிரச்சினையே. கேட்பவர்களுக்கு அது 'ஆபத்தில்லாதது' என்று கேட்டது. இந்தக் கட்டிகளும் பரவக்கூடியவைதான் என்று ஓபெர்ன்டார்ஃபரே 1929-ல் திருத்திச் சொன்னார். ஆனால் முதலில் வைத்த பெயருக்கு இருக்கும் பலம் பின்னால் வரும் திருத்தத்துக்கு இருக்காதே! கார்சினாய்டு என்றால் பயமில்லை என்ற எண்ணம் பல பத்தாண்டுகள் ஓடியது. இன்றைய உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் செரிமான உறுப்புகளுக்கு அந்தப் பெயர் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் வெறுமனே 'கார்சினாய்டு' என்று மட்டும் போட்டிருந்தால், அது பாதி ரிப்போர்ட் என்று எடுத்துக்கொள்ளலாம். எந்த வகை, எந்த கிரேடு என்று கேட்டே ஆக வேண்டும்.

ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிகிறது?

இந்த நோயின் சின்னம் வரிக்குதிரை. குளம்படிச் சத்தம் கேட்டால் குதிரை என்று நினை, வரிக்குதிரை என்று நினைக்காதே என்று வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுப்பார்கள். அதாவது, பொதுவான நோயை முதலில் யோசி, அபூர்வமானதற்கு ஓடாதே. நல்ல பாடம்தான். ஆனால் உண்மையிலேயே வரிக்குதிரையாக இருப்பவர்கள் அதில் மாட்டிக்கொள்கிறார்கள். நவம்பர் 10-ம் தேதி கடைப்பிடிக்கப்படும் உலக நெட் புற்றுநோய் தினத்தில் வரிக்குதிரைக் கோடு போட்ட ரிப்பனைப் பார்த்தால் இதுதான் காரணம்.

வயிற்றுப்போக்கா? சாப்பாடு ஒத்துக்கவில்லை, டென்ஷன், ஐ.பி.எஸ். முகத்திலும் கழுத்திலும் திடீரென்று சூடு பரவுகிறதா? 45 வயதுப் பெண் என்றால் மெனோபாஸ். மூச்சில் விசில் சத்தமா? ஆஸ்துமா. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் எல்லாமே சரியான பதில்தான். மூன்றும் ஒரே ஆளுக்கு இருக்கிறது என்று யாராவது சேர்த்துப் பார்க்கும்வரை நோய் ஒளிந்துகொண்டே இருக்கும். இந்தத் தொகுப்புக்கு கார்சினாய்டு சிண்ட்ரோம் என்று பெயர். பாடப்புத்தகப் படங்களில் முகம் செக்கச்செவேல் என்று சிவந்திருக்கும். நம்ம ஊர் நிறத்தில் அந்தச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. 'திடீர்னு மூஞ்சி காந்துது டாக்டர்' என்று நோயாளி வாயால் சொன்னால்தான் உண்டு.

இதில் இன்னொரு சிக்கல். குடலில் உள்ள கட்டி செரட்டோனினைக் கொட்டினாலும், குடலிலிருந்து போகும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். கல்லீரல் அதை உடைத்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. கட்டி கல்லீரலுக்கே பரவிய பிறகு, சுரக்கும் ஹார்மோன் அந்த வடிகட்டியைத் தாண்டி உடல் முழுக்கப் போகும். அப்போதுதான் முகச்சூடும் வயிற்றுப்போக்கும் ஆரம்பிக்கும். அதாவது, பெரும்பாலானவர்களுக்கு அறிகுறி வரும்போதே நோய் பரவியிருக்கிறது. நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் இதயத்தின் வலது பக்க வால்வுகள் தடித்துப் பழுதாவதும் உண்டு.

கணையத்தில் வருவது வேறு கதை. இன்சுலினைச் சுரக்கும் கட்டியாக இருந்தால், வெறும் வயிற்றில் சர்க்கரை சரசரவென்று இறங்கும். காலையில் எழுந்ததும் குழப்பமாகப் பேசுவார், வியர்த்துக் கொட்டும், சிலருக்கு வலிப்பே வரும். ஒரு டம்ளர் ஜூஸ் குடித்ததும் சரியாகிவிடும். வலிப்பு நோய் என்றும், மனநலப் பிரச்சினை என்றும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் பின்னால் இந்தக் கட்டி கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. கொஞ்சம் ஆறுதலான விஷயம், இந்த வகைக் கட்டிகளில் பெரும்பான்மை 2 சென்டிமீட்டருக்கும் சிறியவை, பரவாதவை. எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. காஸ்ட்ரினைச் சுரக்கும் கட்டி என்றால், எத்தனை மாத்திரை போட்டாலும் ஆறாத, திரும்பத் திரும்ப வரும் அல்சர்.

இன்னும் பல நெட் கட்டிகள் எந்த ஹார்மோன் தொல்லையும் தருவதில்லை. சத்தமே இல்லாமல் வளரும். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவரும்.

இதைப் படித்துவிட்டு, 'எனக்கும் வயிறு சரியில்லையே' என்று யாரும் பதற வேண்டாம். அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, உடலின் எல்லா உறுப்புகளையும் சேர்த்து 2012-ல் ஒரு லட்சம் பேருக்கு சுமார் 7 பேரிடம்தான் புதிதாக இது கண்டறியப்பட்டது. 1973-ல் அந்த எண்ணிக்கை 1.09. ஆறு மடங்குக்கு மேல் உயர்வு. எண்டோஸ்கோபியும் ஸ்கேனும் பெருகியதால், முன்பு கண்ணில் படாதவை இப்போது படுகின்றன என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். வயிறு சரியில்லாதவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் சாதா குதிரைகள்தான்.

ரத்தப் பரிசோதனையும் 'கேஸ் மாத்திரை'யும்

சந்தேகம் வந்தால் பலர் முதலில் எழுதிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை 'குரோமோகிரானின் ஏ'. நியூரோஎண்டோகிரைன் செல்களுக்குள் இருக்கும் ஒரு புரதம் இது. கட்டி இருந்தால் ரத்தத்தில் இதன் அளவு கூடும்.

ஆனால் வேறு பல காரணங்களாலும் கூடும். அதில் முதல் குற்றவாளி, நம் வீடுகளில் காபிக்கு முன்னால் போடும் அந்த 'கேஸ் மாத்திரை'. பான்டோபிரசோல், ஓமிபிரசோல், ராபிபிரசோல் வகை மாத்திரைகள் இரைப்பை அமிலத்தைக் குறைக்கின்றன. அமிலம் குறைந்தால் உடல் காஸ்ட்ரினைக் கூட்டும். காஸ்ட்ரின் கூடினால் குரோமோகிரானினும் கூடும். கட்டியே இல்லாமல் ரிப்போர்ட்டில் எண் தடித்த எழுத்தில் வந்து நிற்கும். கூகுளில் தேடுவீர்கள், தூக்கம் போய்விடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இதே போலப் பொய்யாக உயரும்.

அதனால் இந்தப் பரிசோதனைக்கு முன் சுமார் இரண்டு வாரம் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது வழக்கம். நீங்களாக நிறுத்தாதீர்கள். அல்சர் ரத்தக்கசிவு இருந்தவர்களுக்கும், காஸ்ட்ரின் கட்டி சந்தேகம் உள்ளவர்களுக்கும் திடீரென நிறுத்துவது ஆபத்து. டாக்டரிடம் 'நான் தினமும் கேஸ் மாத்திரை போடுகிறேன்' என்று சொன்னாலே போதும். அது ஒரு மருந்து என்றே நினைக்காததால் பலர் சொல்வதில்லை.

கார்சினாய்டு சிண்ட்ரோம் சந்தேகம் இருந்தால் 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் சேகரித்து, செரட்டோனின் உடைந்து உருவாகும் ஒரு கழிவுப்பொருளை அளப்பார்கள். அதற்கு முன் இரண்டு மூன்று நாள் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, வால்நட் கூடாது. இவற்றில் செரட்டோனின் இருப்பதால் முடிவு மாறிவிடும். ரசமும் சாம்பாரும் தக்காளி இல்லாமலா என்று கேட்டால், ஆமாம், அந்த மூன்று நாளைக்கு இல்லாமல்தான்.

இந்த எண்களை மட்டும் வைத்து யாரும் 'நெட்' என்று உறுதி செய்ய முடியாது. உறுதி செய்வது திசுதான்.

ஒரே நாளில் மாறிய தீர்ப்பு

ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸ் 2005-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை உலகப் பிரபலம். அதில் அவர் சொன்ன ஒரு சம்பவம் நம் விஷயத்துக்கு அப்படியே பொருந்தும். 2003-ல் ஒரு காலைப் பொழுது, ஸ்கேனில் அவருடைய கணையத்தில் கட்டி தெரிந்தது. அநேகமாகக் குணமாகாத வகை, மூன்று முதல் ஆறு மாதம்தான் என்றார்கள். அன்று மாலை எண்டோஸ்கோப் வழியாகக் கணையத்துக்குள் ஊசி செலுத்தி சில செல்களை எடுத்தார்கள். அவற்றை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த டாக்டர்கள் அழுதுவிட்டார்களாம். ஏனென்றால் அது வழக்கமான கணையப் புற்றுநோய் இல்லை, ஆபரேஷனில் குணமாக வாய்ப்புள்ள அரிய வகை. அந்த அரிய வகைதான் நெட்.

காலைக்கும் மாலைக்கும் நடுவில் கட்டி மாறவில்லை. அதன் பெயர் மாறியது. அதனால் எல்லாமே மாறியது.

இதன் இன்னொரு பாதியையும் சொல்லியாக வேண்டும். அவர் ஆபரேஷனுக்கு உடனே சம்மதிக்கவில்லை. உணவுக் கட்டுப்பாடு, மாற்று முறைகள் என்று சுமார் ஒன்பது மாதம் கழித்து 2004 ஜூலையில்தான் ஆபரேஷன் நடந்தது. அப்போது கல்லீரலிலும் நோய் இருந்ததாக அவருடைய அதிகாரப்பூர்வ வாழ்க்கை வரலாற்றில் வால்டர் ஐசக்சன் எழுதியிருக்கிறார். 2009-ல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை, 2011 அக்டோபர் 5-ல் மரணம். ஒன்பது மாதம் தாமதிக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று இனி யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் மெதுவாக வளரும் வகை என்பது, சும்மா இருந்துவிடலாம் என்பதற்கான அனுமதிச் சீட்டு இல்லை.

2018 ஆகஸ்டில் அமெரிக்கப் பாடகி அரேத்தா ஃபிராங்க்ளின் இறந்தபோதும் 'கணையப் புற்றுநோய்' என்றே பெரும்பாலான தலைப்புகள் வந்தன. அதுவும் நியூரோஎண்டோகிரைன் வகைதான். தலைப்பில் இடம் இல்லை என்பது எங்களைப் போன்றவர்களின் வழக்கமான சமாதானம். ஆனால் நோயாளியின் ஃபைலில் அந்தச் சமாதானம் செல்லாது.

கேஐ-67: அந்த ஒரே ஒரு எண்

பயாப்சி எடுத்த திசு பேத்தாலஜி லேபுக்குப் போனதும் இரண்டு கேள்விகளுக்கு பதில் தேடுவார்கள். முதல் கேள்வி, இது நியூரோஎண்டோகிரைன் செல்தானா? அதற்கு சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் போன்ற புரதங்களுக்கு ஒட்டும் சாயங்களைப் போட்டுப் பார்ப்பார்கள். பாசிட்டிவ் என்றால் ஆமாம்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். இது எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது? அதற்கான சாயம்தான் கேஐ-67. செல் பெருகும் வேலையில் இருக்கும்போது அதற்குள் இந்தப் புரதம் இருக்கும். ஓய்வில் இருந்தால் இருக்காது. எத்தனை சதவீத செல்கள் நிறம் பிடிக்கின்றன என்று எண்ணினால் வளரும் வேகம் தெரிந்துவிடும்.

பெயர்க் காரணம் சுவாரஸ்யமானது. 1983-ல் ஜெர்மனியின் கீல் நகரில் இருந்த ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். ஊரின் பெயரிலிருந்து முதல் இரண்டு எழுத்து. 96 சின்னக் குழிகள் கொண்ட பரிசோதனைத் தட்டில் அது கிடைத்த குழியின் எண் 67. அவ்வளவுதான். இன்று லட்சக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சையைத் தீர்மானிக்கும் ஒரு பெயருக்குப் பின்னால் இருப்பது ஒரு ஊரும் ஒரு குழியும்.

கணக்கு இப்படி. 3%-க்குக் கீழே என்றால் ஜி1. 3 முதல் 20% வரை ஜி2. 20%-க்கு மேல் ஜி3. கூடவே, செல்கள் பிளவுபடும் எண்ணிக்கையையும் தனியாக எண்ணுவார்கள். இரண்டும் வேறு வேறு கிரேடு காட்டினால் எது அதிகமோ அதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

குறைந்தது 500 செல்களையாவது எண்ண வேண்டும் என்பது விதி. அதுவும் எங்கே அதிகமாக நிறம் பிடித்திருக்கிறதோ அந்த இடத்தில். 500-ல் 12 செல் என்றால் 2.4%, ஜி1. அதே 500-ல் 20 செல் என்றால் 4%, ஜி2. எட்டே எட்டு செல் வித்தியாசம்! அதனால் 'கேஐ-67 குறைவு' என்று வார்த்தையில் எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். எண் வேண்டும். ஊசியில் வந்த துளித் திசுவில் அந்த அதிகமான இடம் சிக்காமலும் போயிருக்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகு முழுக் கட்டியையும் பார்க்கும்போது கிரேடு மாறுவது உண்டு. அது யாருடைய தவறும் இல்லை.

ஜி3-க்குள் இரண்டு வீடு

பேத்தாலஜியில் பெரிய மாற்றம் நடந்தது இங்கேதான். 2010-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாட்டில், 20%-க்கு மேல் போனால் எல்லாமே 'நெக்', அதாவது நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா. எல்லாருக்கும் ஒரே கீமோ.

ஆனால் மருத்துவர்கள் நடைமுறையில் கண்டது வேறு. 2013-ல் வெளியான நார்டிக் நாடுகளின் ஆய்வு ஒன்று இப்படிப்பட்ட 305 நோயாளிகளைப் பார்த்தது. கேஐ-67 55%-க்கு மேல் இருந்தவர்களில் 42% பேருக்கு பிளாட்டினம் வகை கீமோவில் கட்டி சுருங்கியது. 55%-க்குக் கீழே இருந்தவர்களில் 15% பேருக்குத்தான். ஆனால் கீமோ வேலை செய்யாத அந்த இரண்டாவது கூட்டம்தான் அதிக நாள் வாழ்ந்தது! ஒரே பெட்டிக்குள் இரண்டு வேறு நோய்களைப் போட்டு வைத்திருக்கிறோம் என்பது இதில் வெளிச்சமானது.

அதன் பிறகு 2017-ல் கணையத்துக்கும், 2019-ல் செரிமான மண்டலம் முழுமைக்கும் வகைப்பாடு மாற்றப்பட்டது. இப்போது முதலில் பார்ப்பது செல்லின் தோற்றம். தான் பிறந்த செல்லின் சாயல் மாறாமல் ஒழுங்காக இருந்தால், எவ்வளவு வேகமாகப் பெருகினாலும் அது நெட் ஜி3. சாயலே இல்லாமல் உருக்குலைந்திருந்தால் அது நெக். நெக்-கில் சிறிய செல், பெரிய செல் என்று இரண்டு வகை. நெட் முற்றிப்போய் நெக் ஆகிறது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் மரபணு மாற்றங்களிலேயே இரண்டும் வேறு வேறு. சாதாரணப் புற்றுநோயும் நியூரோஎண்டோகிரைன் பகுதியும் ஒரே கட்டியில் தலா 30%-மாவது கலந்திருந்தால் 'மைநென்' என்று மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கிறது. அது மிக அபூர்வம்.

ஆக, ரிப்போர்ட்டில் ஜி3 என்று மட்டும் இருந்தால் உடனே கேட்க வேண்டிய கேள்வி: 'டாக்டர், இது நெட் ஜி3-யா, இல்லை நெக்-கா?'

கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு

வீட்டில் எல்லாரும் குழம்பும் இடம் இது. கிரேடு என்பது கட்டியின் வேகம். ஸ்டேஜ் என்பது அது போயிருக்கும் தூரம். கிரேடு 1, ஆனால் ஸ்டேஜ் 4 என்று வருவது நெட்டில் சகஜம். சிறுகுடல் நெட் இதற்கு நல்ல உதாரணம். குடலில் உள்ள மூலக் கட்டி ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஆனால் நிணநீர்க் கணுக்களுக்கும் கல்லீரலுக்கும் போயிருக்கும். கேஐ-67 பார்த்தால் 1%, 2%. வேறு புற்றுநோயில் நான்காம் ஸ்டேஜ் என்றால் எதை நினைத்து மனம் உடைவோமோ, அதை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. பரவிய பிறகும் பல வருடம் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் நோயாளிகள் இந்த நோயில் உண்டு.

எந்த உறுப்பு என்பதும் முடிவை மாற்றும். 20 வயதுப் பையனுக்குக் குடல்வால் வீங்கி அவசர ஆபரேஷன் நடக்கிறது. ஒரு வாரம் கழித்து வந்த ரிப்போர்ட்டில் நுனியில் 8 மில்லிமீட்டர் நெட், ஜி1, முழுமையாக வெட்டி எடுக்கப்பட்டது என்று இருக்கிறது. குடும்பமே அழும். ஆனால் ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே இப்படி முழுசாக எடுத்துவிட்டால் பொதுவாகச் சிகிச்சை அதோடு முடிந்தது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் என்றால் பெருங்குடலின் வலது பகுதியையும் எடுக்கச் சொல்வார்கள்.

இரைப்பை இன்னும் விசித்திரம். அங்கே கிரேடுக்கு முன் 'டைப்' பார்க்க வேண்டும். இரைப்பைச் சுவர் மெலிந்து அமிலம் சுரப்பதே நின்றுபோனவர்களுக்கு, உடல் காஸ்ட்ரினைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தூண்டுதலில் குட்டிக் குட்டிக் கட்டிகள் பல முளைக்கும். இது டைப் 1. இவர்களுக்குப் பெரும்பாலும் பி12 குறைபாடும் இருக்கும். பெரும்பாலும் எண்டோஸ்கோபியில் எடுத்துவிட்டு, அவ்வப்போது கண்காணித்தாலே போதும். எந்தக் காரணமும் இல்லாமல் தனியாக ஒன்று மட்டும் வந்தால் அது டைப் 3. அதைப் புற்றுநோயாகவே எடுத்துக்கொண்டு நடவடிக்கை எடுக்க வேண்டும். டைப் 2 பரம்பரை மரபணுக் கோளாறோடு சேர்ந்து வருவது, அபூர்வம்.

மலக்குடலில் வருவது பெரும்பாலும் கொலனோஸ்கோபியில் தெரியும் ஒரு சின்ன மஞ்சள் நிறப் பருப்பு போல இருக்கும். சாதாரண பாலிப் என்று நினைத்துச் சுருக்குக் கம்பியால் வெட்டிவிட்டால் அடிப்பகுதி உள்ளேயே தங்கிவிடலாம். சந்தேகம் வந்தால் அதற்கான முறையில் அடியோடு எடுக்க வேண்டும்.

இரண்டு பெட் ஸ்கேன் எதற்கு?

'ஏற்கெனவே பெட் ஸ்கேன் எடுத்தாச்சே, மறுபடியும் எதுக்கு இன்னொன்னு?' காசு செலவழிப்பவரின் நியாயமான கேள்வி. வழக்கமான பெட் ஸ்கேன் சர்க்கரையை வைத்து வேலை செய்கிறது. வேகமாக வளரும் கட்டி சர்க்கரையை அதிகம் இழுக்கும், பளிச்சென்று தெரியும். மெதுவாக வளரும் நெட்டோ சர்க்கரையை அதிகம் இழுக்காது. ஸ்கேனில் 'ஒன்றுமில்லை' என்று வந்துவிடலாம்.

ஆனால் நெட் செல்களின் மேற்பரப்பில் சொமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனுக்கான கொக்கிகள் நிறைய உண்டு. அந்தக் கொக்கியில் போய் மாட்டும் பொருளோடு கேலியம்-68 என்ற கதிரியக்கத் தனிமத்தை இணைத்து ரத்தத்தில் செலுத்தினால், உடலில் எங்கெல்லாம் நெட் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒளிரும். இதுதான் டோட்டாடேட் அல்லது டோட்டாநாக் பெட் ஸ்கேன். கேலியம்-68 இன் வீரியம் 68 நிமிடத்தில் பாதியாகிவிடும். தயாரித்த இடத்திலேயே பயன்படுத்தினால்தான் உண்டு என்பதால் எல்லா ஊர் ஸ்கேன் சென்டரிலும் இது கிடைக்காது.

ஜி1 என்றால் டோட்டாடேட். நெக் என்றால் சர்க்கரை பெட். நடுவில் இருப்பவர்களுக்கு சில நேரம் இரண்டுமே தேவைப்படும். டோட்டாடேட்டில் மங்கலாகவும் சர்க்கரை ஸ்கேனில் பளிச்சென்றும் ஓரிடம் தெரிந்தால், அங்கே கட்டி மூர்க்கமாகியிருக்கலாம் என்று பொருள். மறுபடி பயாப்சி எடுக்க வேண்டிய இடமும் அதுதான்.

இந்த ஸ்கேனில் ஒளிர்வது சிகிச்சைக்கும் ஒரு கதவு. அதே கொக்கியில் லுட்டீசியம்-177 என்ற, அழிக்கும் சக்தியுள்ள தனிமத்தை மாட்டி அனுப்பினால் கட்டிக்கு உள்ளிருந்தே கதிர்வீச்சு கிடைக்கும். 2018 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு ஒப்புதல் தந்தது. இந்தியாவில் இதற்கான லுட்டீசியம் மும்பை டிராம்பேயில் உள்ள துருவா அணு உலையில் தயாரிக்கப்படுகிறது. ஹார்மோன் தொல்லையைக் குறைத்து வளர்ச்சியைத் தள்ளிப்போட, மாதம் ஒருமுறை போடும் ஆக்ட்ரியோடைடு, லான்ரியோடைடு ஊசிகள் உண்டு. அறுவை சிகிச்சை, மாத்திரைகள், கீமோ எல்லாம் வகைக்கு ஏற்ப. நெக் என்றால் பெரும்பாலும் நேராக பிளாட்டினம் கீமோதான், அதுவும் தாமதிக்காமல்.

கையில் ரிப்போர்ட் இருந்தால்

எந்த உறுப்பில் ஆரம்பித்தது, நெட்டா நெக்கா, கேஐ-67 எத்தனை சதவீதம், எங்கெல்லாம் பரவியிருக்கிறது, ஹார்மோன் சுரக்கிறதா. இவற்றில் எதற்கு ரிப்போர்ட்டில் பதில் இல்லையோ அதை டாக்டரிடம் கேளுங்கள். இளம் வயது, ஒன்றுக்கு மேற்பட்ட கட்டி, குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரகக் கல்லோடு கால்சியம் அதிகம் என்ற வரலாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள். மென்1 என்ற பரம்பரை மரபணுக் கோளாறு இப்படி வரும்.

இன்னொரு மருத்துவமனையில் கருத்து கேட்கப் போகிறீர்கள் என்றால், ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோனால் போதாது. மெழுகில் பதித்து வைத்த திசு 'பிளாக்' என்றும், கண்ணாடித் தகடு 'ஸ்லைடு' என்றும் சொல்லப்படும். இரண்டும் பயாப்சி பார்த்த லேபில் பத்திரமாக இருக்கும். எழுதிக்கொடுத்தால் தருவார்கள். இந்தக் கட்டியை அடிக்கடி பார்க்கும் பேத்தாலஜிஸ்ட் அதே திசுவில் புதிதாகச் சாயம் போட்டு மறுபடி எண்ண முடியும். ஸ்லைடு உடையாமல் இருக்க லேபில் தரும் பிளாஸ்டிக் பெட்டியிலேயே வைத்து எடுத்துப் போங்கள். பிளாக்கை மட்டும் வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிடாதீர்கள். அது மெழுகு.